கப்பல் ஏறின இளவரசி

போன கிழமை என் மகளும் பேத்தியும் வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடைக்குள் நின்று சண்டை பிடித்தார்கள். பிறந்தநாள் உடுப்பு வாங்கப் போன இடம். பேத்திக்கு வயது ஐந்து. இடுப்பிலிருந்து குடைபோல விரிகிற, ரோசா நிற வலைத்துணிச் சட்டை ஒன்று அவளுக்கு வேண்டும். தலைக்கு ஒரு தகர முடியும் வேண்டும். கதைப் புத்தகத்து இளவரசிகள் போடுகிற உடுப்பு. என் மகளோ பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவள். அவளுக்கு இளவரசிகளைக் கண்ணில் காட்டக்கூடாது.

“அழுகிறது, பெருமூச்சு விடுறது, ஆரும் வந்து தூக்கிக்கொண்டு போகுமட்டும் பாத்துக்கொண்டிருக்கிறது. இதுகளைப் பாத்து இவள் என்னத்தைப் பழகப்போறாள், அப்பா?” என்று என்னிடம் நியாயம் கேட்டாள். கேட்டாளே தவிர, பதிலுக்கு நிற்கவில்லை. பேத்தி நிலத்தில் இருந்து தன் நியாயத்தைக் கடை முழுக்கக் கேட்கும்படி எடுத்துச் சொன்னாள்.

நான் இரண்டு பக்கத்துக்கும் நல்ல பிள்ளையாக அந்தச் சட்டையின் வலைத்துணியைத் தடவிக்கொண்டு நின்றேன். புதுத்துணியின் கஞ்சி மணம். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் வெள்ளவத்தையில் இல்லை. திருகோணமலையில், உள்துறைமுக வீதிக்குப் பின்னால் இருந்த ஒரு வாடகை அறையில், என் நுளம்பு வலையைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தேன்.

அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. நீங்களாவது கேளுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். கப்பல்களுக்கு முகவர் வேலை பார்த்த ஒரு கந்தோரில் நான் ஒரு இளம் கிளாக்கர். திருகோணமலை நுளம்புக்கு வெளியூர்க்காரனை மணத்திலேயே கண்டுபிடித்துக் கடிக்கத் தெரியும். வீட்டிலிருந்து புறப்பட்டபோது அம்மா மடித்துத் தந்த வலைதான் எனக்கிருந்த ஒரே சொத்து. அதை வெட்டித்தான் எங்கள் கந்தோர் நாடகத்து இளவரசிக்கு உடுப்புத் தைத்தோம். பீட்ரூட் அவித்த தண்ணீரில் தோய்த்தால் ரோசா நிறம் வரும் என்று சொன்னது யார் என்று நினைவில்லை. வந்தது ரோசா இல்லை, ஈறின் நிறம். அதற்குப் பிறகு நாடகம் முடியுமட்டும் உடுத்த சாரத்தைத் தலை வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு வேர்த்துக் கிடந்தேன். கலைக்காக நான் செய்த அந்தத் தியாகத்தை ஒருவரும் ஒருநாளும் பாராட்டியதில்லை.

கந்தோர் நாடகம் என்றால் சின்னக் காரியம் என்று எண்ணிவிடாதீர்கள். கரையோரமாக, வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய பண்டகசாலை ஒன்று தகரக் கூரையோடு கிடந்தது. அதில் வருடத்துக்கு ஒருமுறை மேடை கட்டுவோம். மூதூரிலிருந்தும் கட்டைபறிச்சானிலிருந்தும்கூட ஆட்கள் லாஞ்சுப் படகில் வந்து இறங்குவார்கள். அவர்கள் கடைசி லாஞ்சைப் பிடிக்க வேண்டும் என்பதால் நாடகத்தை மாலை ஐந்து மணிக்கே தொடங்கிவிட வேண்டும். வசனம் நீண்டுவிட்டால் பின்வரிசையிலிருந்து “லாஞ்சு போகப்போகுது, கெதியாச் சாகுங்கோ!” என்று குரல் வரும். சாகவேண்டிய பாத்திரமும் உடனே செத்துவிடும்.

நாடகம் எழுதுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் நன்றாக எழுதுவேன் என்று யாரும் நம்பவில்லை. என் கையெழுத்து வாசிக்கக்கூடியதாக இருந்தது, அவ்வளவுதான். சிறுவயதில் வாசித்த ராசா ராணிக் கதைகளை எல்லாம் ஒன்றாகப் போட்டுக் கலக்கி ஒரு கதை செய்தேன். கோபுரத்தில் ஒரு இளவரசியை அரக்கன் சிறை வைத்திருக்கிறான். இளவரசன் வருகிறான். அரக்கன் சாகிறான். கல்யாணம். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது.

இளவரசி வேடம் எப்போதும் தங்கராசா அண்ணைக்கு உரியது. கப்பலில் ஏறித் தேயிலைப் பெட்டி எண்ணுகிற கிளாக்கர் அவர். மெல்லிய இடை, நீண்ட கண். பல வருடமாக அவர்தான் எங்கள் இளவரசி. ஆனால் அதற்கு முந்திய வருடம் கல்யாணம் முடித்திருந்தார். மனைவியின் சமையல் நல்ல சமையல். போன வருடத்து இரவிக்கை இந்த வருடம் பாதி முதுகில் நின்றுவிட்டது.

அண்ணையை அரக்கனாக்கினோம். அவருக்குக் கவலை இல்லை. “இளவரசியா நிண்டு நிண்டு எனக்குக் கால் உளைஞ்சு போச்சுது தம்பி. மூண்டு வசனம். மிச்ச நேரம் தூணைப் பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும். அரக்கனெண்டா நடக்கலாம், கத்தலாம், கதிரையைத் தூக்கி எறியலாம்” என்றார். சந்தோசமாகவே கொம்பு தேடப் போனார்.

இளவரசிக்கு ஆளில்லாமல் நான் முழித்துக்கொண்டு இருந்தபோது, கந்தோரின் மூலையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

“அண்ணை, நான் நடிக்கட்டோ?”

புஷ்பராணி. லிங்கநகர்ப் பிள்ளை. எங்கள் கந்தோரின் முதல் பெண் டைப்பிஸ்ட். அவள் வருவதற்கு முன் டைப்பிஸ்டாக இருந்தவர் ஒரு விரலால் கொத்துவார், கோழி அரிசி பொறுக்குவதுபோல. புஷ்பம் தட்டினால் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். வந்த புதிதில் தலை நிமிரமாட்டாள். பிறகு பிறகு கப்பல் கப்டன்மார் வந்தால் பெரிய கிளாக்கரே அவளைத்தான் கூப்பிடுவார். இங்கிலீசில் அவர்களோடு கதைக்கும்போது நாங்கள் எல்லாம் பேனை விழுந்த மாதிரி மேசைக்குக் கீழே குனிந்துவிடுவோம்.

அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்துப் பெண் கந்தோர் ஆம்பிளைகளோடு மேடை ஏறுவது லேசான காரியமா? பெரிய கிளாக்கரும் தங்கராசா அண்ணையும் நானும் ஒருநாள் பின்னேரம் லிங்கநகருக்கு அவள் தகப்பனிடம் கேட்கப் போனோம். வேலுப்பிள்ளையர் வெள்ளைக்காரனின் கப்பல் பட்டறையான டொக்யாட்டில், சாமான் களஞ்சியத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். வெள்ளைக்காரன் போனபோது வேலையும் போனது. எங்களைக் கதிரைகளில் இருத்தினார். தேத்தண்ணீர் வந்தது. நாங்கள் விசயத்தைச் சொன்னதும் தன் கோப்பையைக் கீழே வைத்தார்.

“கூத்தில இவளுக்கு என்ன வேலை?”

“ஒண்டும் இல்லை ஐயா. கோபுரத்தில இருப்பா. அவ்வளவுதான்” என்றேன் நான்.

“ஓடுறது, ஆடுறது?”

“ஒண்டுமே செய்யமாட்டா ஐயா.”

அவருடைய முகம் தெளிந்தது. “அப்ப சரி. ஆனா ஒண்டு. இவளைப் பற்றி ஆரும் ஒரு சொல்லுச் சொல்லி அது என்ர காதில விழக்கூடாது. விழுந்துதெண்டா திங்கக்கிழமை இவள் கந்தோருக்கு வரமாட்டாள். அதுக்குப் பிறகு என்னோட வந்து கதைக்கவும் வேண்டாம்.”

கதவுக்குப் பின்னால் புஷ்பம் நின்றாள். அவளுடைய கால்விரல்கள் மட்டும் தெரிந்தன.

மறுநாள் கந்தோரில் அவளிடம் சொன்னேன், இவ்வளவு ஆபத்துக்கு இந்த நாடகம் வேண்டாம் என்று. அவள் தட்டச்சில் கடுதாசியைச் சுருட்டி ஏற்றிக்கொண்டே சொன்னாள்: “படிப்பு முடிச்சு ரண்டு வருசம் வீட்டில யன்னலடியில இருந்தனான் அண்ணை. எங்கட றோட்டால போற சைக்கிள் எல்லாத்தின்ர மணியும் எனக்குத் தெரியும். திரும்ப அந்த யன்னலடியில போய் இருக்க என்னால ஏலாது. ஆனா மேடை ஏறிப் பாக்கவும் வேணும். ரண்டையும் விடமாட்டன்.”

ஒத்திகை தொடங்கியது. முதல் நாளே தகராறு. அவள் கையில் வசனக் கடுதாசி. வாசித்தாள், திருப்பிப் பார்த்தாள், பின்பக்கத்தில் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தாள்.

“அண்ணை, இவள் முதல் காட்சியிலயும் அழுகிறாள், ரண்டாம் காட்சியிலயும் அழுகிறாள். மிச்ச நேரம் என்ன செய்யிறவள்?”

“காத்துக்கொண்டிருக்கிறாள்.”

“ஆருக்கு?”

“இளவரசனுக்கு.”

“அவன் வராட்டி?”

“வருவான்.”

“எப்பிடி அவளுக்குத் தெரியும்?”

“நான் எழுதியிருக்கிறன்” என்றேன், கொஞ்சம் சூடாக.

“கோபுரக் கதவு பூட்டோ?”

அதை நான் யோசிக்கவே இல்லை. தங்கராசா அண்ணை தரையில் உருண்டு சிரித்தார். “இவ்வளவு காலமும் நான் அதைக் கேக்கேல்லைப் பாருங்கோ” என்றார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. இளவரசி பிடிக்காவிட்டால் அவளைத் தூக்கிவிட்டு ஒரு ஏழைப் பெண்ணாக மாற்றி எழுதுகிறேன் என்றேன். புஷ்பம் பதறிப் போனாள். “ஐயோ, அவளை மாத்தாதேங்கோ. இந்த உடுப்பு, முடி, கோபுரம் எல்லாம் எனக்கு விருப்பம். அவளுக்கு ஒரு வேலை குடுங்கோ, அவ்வளவுதான் கேக்கிறன்.”

நான் கொடுக்கவில்லை. எழுதினதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு என் மகள் மேடை மேடையாகப் பேசுகிற விசயத்தை அன்றைக்கு ஒரு டைப்பிஸ்ட் பிள்ளை ஒற்றை வரியில் என்னிடம் சொன்னாள். என் மரமண்டையில் ஏறவில்லை. தகப்பனுக்கு வேறு வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா, ஒன்றும் செய்யமாட்டாள் என்று.

நாடகம் ஒரு சனிக்கிழமை. அதற்கு முதல்நாள் ஒரு கப்பல் வந்து உள்துறைமுகத்தின் நடுவே மிதவையில் கட்டியது. தேயிலை ஏற்ற வந்த கப்பல். எங்களுக்கு அதில் புதினம் ஒன்றும் இல்லை. படகுகளில் பெட்டிகள் போகும், கப்பல் தளத்தில் எங்கள் ஆள் ஒருவர் நின்று ஒவ்வொரு பெட்டியாக எண்ணுவார். அந்த வேலைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. எண்ணுகிறவர், அடுத்த ஆள் ஏறி வந்து பொறுப்பெடுக்குமட்டும் அந்த இடத்தைவிட்டு அசையக்கூடாது. ஒரு பெட்டி குறைந்தாலும் அவர் தலைதான் போகும். தாய் தகப்பன் மேல் சத்தியம் செய்தாலும் இறங்கிப் போக விடமாட்டார்கள்.

நாடகத்தன்று காலை எண்ணப் போனவர் சிவபாலன். எங்கள் இளவரசன். சுருட்டை முடி, கணீரென்ற குரல், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். மத்தியானம் அவரை மாற்ற வேண்டியவர் தங்கராசா அண்ணை. அண்ணை நாடகத்துக்காக லீவு எடுத்திருந்தார். அவருக்குப் பதிலாகப் போக வேண்டியவர் மந்திரி வேடம், அவரும் லீவு. அதற்கடுத்தவர் திரை இழுக்கிறவர். கந்தோரில் பெட்டி எண்ணத் தெரிந்த அத்தனை பேரும் நாடகத்துக்கென்று லீவு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பெரிய கிளாக்கர் அத்தனையையும் சந்தோசமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். சிவபாலனை இறக்க யார் போவது என்று ஒரு குருவிக்கும் தோன்றவில்லை.

நாலரை மணி. மண்டபம் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் வெள்ளை வேட்டி, சால்வையோடு வேலுப்பிள்ளையர். இளவரசி உடுத்து முடித்துவிட்டாள். என் நுளம்பு வலை அவ்வளவு வடிவாக இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அரக்கன் தேங்காய் எண்ணெயில் குழைத்த சட்டிக்கரியை உடம்பெல்லாம் பூசி, மாட்டுக்கொம்பு கட்டி உறுமிப் பழகிக்கொண்டிருந்தார். இளவரசனைக் காணவில்லை.

அப்போது எங்கள் கந்தோர் லாஞ்சை ஓட்டுகிற சுக்கானி மஜீத் காக்கா பின்கதவால் வந்தார். மூதூர் ஆள், எதற்கும் அவசரப்படாத மனிசர். “நம்மட இளவரசர் கப்பல்ல நிக்காரு” என்றார். “துவாய வீசிக் கூப்பிடுறாரு. ஆள் மாறாம உடமாட்டாங்களாம்.”

பின்கதவால் எட்டிப் பார்த்தேன். தூரத்தில், கப்பலின் உச்சியில், ஒரு சின்ன வெள்ளைத் துண்டு ஆடிக்கொண்டிருந்தது.

அண்ணையைத்தான் அனுப்ப வேண்டும், அது விளங்கியது. ஆனால் கரியும் எண்ணெயும் கலந்தது சவர்க்காரத்துக்கு அசையவில்லை. கொம்பைக் கட்டிய கயிறோ எண்ணெயில் ஊறி இறுகிவிட்டது. இந்தக் கோலத்தில் ஒரு ஆளைக் கப்பலில் ஏற விடுவார்களா? அண்ணைக்கு வெள்ளைக்காரனைக் கண்டால் இங்கிலீசு மட்டுமில்லை, தமிழும் வராது. “நான் கடலுக்க குதிக்கிறன், அது சுகம்” என்றார் அரக்கன்.

நான் போயிருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குக் கடல் ஒத்துவராது. கரையில் கட்டியிருக்கிற லாஞ்சைப் பார்த்தாலே வாந்தி வரும். துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தவனுக்கு இப்படி ஒரு வரம்.

“வாங்கோ அண்ணை, நான் கூட்டிக்கொண்டு போறன்” என்றாள் புஷ்பம்.

“நீங்களோ? நீங்கள் இளவரசியெல்லோ!”

“அவள் கோபுரத்தில சும்மாதானே இருக்கிறாள்” என்றாள்.

“முன்னுக்கு உங்கட அப்பா இருக்கிறார், பிள்ளை. பின்கதவால போனாலும் இறங்குதுறையில எல்லாரும் காணுவினம்.”

அதைக் கேட்டதும் அவள் நின்றாள். அந்தத் தட்டச்சு, அந்த மூலை, கப்டன்மார், எல்லாம் ஒரு பக்கத்தில். யன்னலடி மற்றப் பக்கத்தில். அவள் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நேரே முன்வாசலை நோக்கி நடந்தாள். பின்னால் கொம்போடு அரக்கன். நாடகம் இப்படித்தான் தொடங்குகிறது என்று பாதிப் பேர் நினைத்துக் கைதட்டினார்கள்.

முன்வரிசைக்கு வந்ததும் குனிந்து, “அப்பா, ஒரு கந்தோர் அலுவல். போட்டு வாறன்” என்றாள்.

வேலுப்பிள்ளையர் சால்வையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அதற்குள் லாஞ்சு புறப்படுகிற சத்தம் கேட்டது. சனம் முழுவதும் கரைக்கு ஓடியது. நானும் ஓடினேன். ஓடிப்போய் நின்ற இடம் வேலுப்பிள்ளையரின் பக்கம். எனக்கு எப்போதும் அப்படித்தான் இடம் கிடைக்கும்.

லாஞ்சில் நடந்ததைத் தங்கராசா அண்ணை பிற்காலத்தில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கடல் கொஞ்சம் கூடக் கொந்தளிக்கும். உண்மையில் அன்று கடல் தட்டில் ஊற்றின எண்ணெய் மாதிரிக் கிடந்தது. கப்பலின் பக்கத்தில் கயிற்று ஏணி தொங்கியது. அண்ணை இரண்டு படி ஏறினார். ஏணி ஒருமுறை ஆடியது. இரண்டு படி இறங்கினார். மஜீத் காக்கா, “புள்ள, இவரு ஏறமாட்டாரு. திரும்புவமா?” என்று கேட்டாராம். புஷ்பம் பாவாடையை அள்ளி இடுப்பில் செருகினாள். உள்ளே தன் தமையனின் காற்சட்டை போட்டிருந்தாள், நல்ல காலம். “நான் முன்னுக்கு ஏறுறன். என்ர காலைப் பாத்துக்கொண்டு வாங்கோ, கீழ பாக்காதேங்கோ” என்றாளாம்.

கரையிலிருந்து நாங்கள் பார்த்தோம். கறுத்த கப்பல் சுவரில் ரோசா நிறத்தில் ஒரு புள்ளி மேலே போகிறது. அதற்குக் கீழே கொம்போடு ஒரு கறுப்புப் புள்ளி. மேற்கு வெயில் அவள் தலையில் வைத்த முடியில் பட்டுப் பட்டு மின்னியது.

“வேலுப்பிள்ளையர், அது உங்கட பிள்ளையெல்லோ?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

முடிந்தது என்று நினைத்தேன். அவர் கேட்கக்கூடாது என்றிருந்த சொல் வந்துவிட்டது. சனம் முழுவதும் இனி அதையே சொல்லப்போகிறது. நான் அவருடைய முகத்தைப் பார்க்கப் பயந்து அவருடைய வாயைப் பார்த்தேன். வாய் அசைந்துகொண்டிருந்தது.

“இடக்காலை வை… ம்… கயித்தை விடாதை… இனி மற்றக் கால்… கீழ பாக்காதை பிள்ளை… கீழ பாக்காதை…”

கேட்டவரின் குரல் அவர் காதில் விழுந்ததோ என்னவோ. அவள் மேலே போய்க் கம்பியைப் பிடித்துக் கால் உள்ளே போட்ட பிறகுதான் சால்வையால் கழுத்தைத் துடைத்தார்.

கப்பல் அதிகாரியிடம் அவள் சொன்னது இவ்வளவுதானாம்: இவர் எங்கள் கிளாக்கர், இன்றைக்கு மட்டும் அரக்கன், எண்ணத் தெரியும். அந்த வெள்ளைக்காரன் சிரித்துச் சிரித்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டானாம். மாலுமிகள் எல்லாம் வந்து சுற்றி நின்று கைதட்டினார்கள். சிவபாலன் இறங்கினார். அரக்கன் தங்கிவிட்டார். அந்தத் தேயிலையின் மிச்சத்தைக் கொம்போடு நின்று எண்ணியவர் தங்கராசா அண்ணைதான். அந்தத் தேயிலையைக் குடித்த தேசம் எதுவென்று எனக்குத் தெரியாது. அந்தச் சனத்துக்கும் இது தெரியாது.

லாஞ்சு கரைக்கு வந்தபோது எழும்பிய சத்தத்தில் கொக்குகள் எல்லாம் கலைந்தன. மூதூர்ச் சனம் கடைசி லாஞ்சை மறந்து ஆர்ப்பரித்தது. ஆனாலும் நாடகம் என்று ஒன்று போட வேண்டுமே. எல்லாரையும் உள்ளே அழைத்துத் திரையைத் திறந்தோம். கோபுரத்தில் இளவரசி, இடுப்பில் ஒரு பக்கம் வலை கிழிந்து தொங்குகிறது. அரக்கன் இல்லை. தேயிலைத் தூசு படிந்த கந்தோர்ச் சட்டையோடு சிவபாலன் நுழைந்தார், கையை உயர்த்தினார், கணீரென்ற குரலில் நான் எழுதின வசனத்தைச் சொன்னார்:

“அஞ்சாதே இளவரசி! உன்னை மீட்க நான் வந்துவிட்டேன்!”

தகரக் கூரை பறந்துவிடும் போலச் சிரிப்பு எழுந்தது. அடங்கியது, மறுபடி எழுந்தது. இளவரசியே கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிவபாலன் அடுத்த வசனத்துக்கு மூன்று தரம் வாயைத் திறந்தார், மூன்று தரமும் சனத்தின் சிரிப்பு விடவில்லை. திரையை இழுத்துவிட்டோம். வாழ்க்கையில் நான் எழுதியதில் சனம் இவ்வளவு ரசித்தது வேறொன்றும் இல்லை.

சிரிக்காமல் இருந்தவர் ஒருவர்தான். வேலுப்பிள்ளையர் மகளை அழைத்துக்கொண்டு, லிங்கநகர்ப் பக்கம் நடந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தையில், தேத்தண்ணீர்க் கடையில், கோயில் வீதியில், எங்கே போனாலும் அவளைப் பற்றித்தான் கதை. ஒரு சொல் கூடாது என்றவருக்கு ஊர் முழுவதும் சொல்.

திங்கட்கிழமை கந்தோர் திறந்தது. மூலையில் தட்டச்சு உறை போட்டபடி இருந்தது. கப்பலில் ஒரு பெட்டியும் குறையவில்லை என்று தங்கராசா அண்ணை காதுக்குப் பின்னால் கரியோடு வந்து சொன்னார். யாரும் சந்தோசப்படவில்லை. பெரிய கிளாக்கர் தன் கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றித் துடைத்தார். மணி எட்டரையைத் தாண்டியது. எனக்கு அழுகை வந்தது, சொல்வதில் வெட்கம் என்ன?

வாசலில் செருப்புச் சத்தம். வேலுப்பிள்ளையர். அதே வெள்ளை வேட்டி, அதே சால்வை. பின்னால் புஷ்பம், தலையைக் குனிந்தபடி. விலகல் கடிதம் தரத்தான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்து எல்லாரும் எழுந்து நின்றோம்.

அவர் பெரிய கிளாக்கரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

“ஐயா, டொக்யாட்டில முப்பது வருசம் கப்பலுக்குக் கயிறு குடுத்தனான். ஏணி குடுத்தனான். எந்தக் கப்பலிலயும் ஒருநாள் ஏறிப் பாத்ததில்லை. ஆரும் ஏறச் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. இவள் ஏறிப்போட்டாள்.” மகளைத் திரும்பிப் பார்த்தார். “எனக்கும் ஒருக்கா ஏறிப் பாக்கலாமோ?”

பெரிய கிளாக்கர் கையை மட்டும் மூலைப் பக்கம் காட்டினார். புஷ்பம் போய்த் தட்டச்சின் உறையைக் கழற்றினாள். தகப்பனுக்குக் கப்பல் ஏற அனுமதிக் கடுதாசி அடித்தாள். தகரத்தில் மழை பெய்த மாதிரி இருந்தது. கப்பல் இன்னும் மிதவையில்தான் நின்றது. அன்று மத்தியானம் மஜீத் காக்காவின் லாஞ்சில் தகப்பனும் மகளும் போனார்கள். இந்த முறை அவர் முன்னுக்கு ஏறினாராம், அவள் கீழே நின்று கால் வைக்கும் இடம் சொன்னாளாம்.

அடுத்த வருடம் இளவரசி வேடத்துக்கு ஊரிலிருந்து நாலைந்து பிள்ளைகள் கேட்டு வந்தார்கள், தகப்பன்மாரையும் கூட்டிக்கொண்டு. அந்த இளவரசிக்கு நான் நிறைய வேலை எழுதினேன். அவள் அரக்கனோடு வழக்காடுவாள், பாலம் கட்டுவாள், ராச்சியத்துக் கணக்குப் பார்ப்பாள். புஷ்பம் வாசித்துவிட்டு, “பாவம், கொஞ்ச நேரம் இருக்கவும் விடுங்கோ” என்றாள். எந்தப் பக்கம் போனாலும் எழுத்தாளனுக்கு உதைதான்.

எழுபதுகள் கழிந்து எண்பதுகள் தொடங்குமட்டும் அவள் அந்தக் கந்தோரில் இருந்தாள். கல்யாணம் முடித்தாள், பிள்ளைகள் பெற்றாள், தட்டச்சை விடவில்லை. பிறகு வந்த காலங்களில் ஆளுக்கொரு திசையானோம்.

சில வருடங்களுக்கு முன் அந்தப் பக்கம் போனேன். பண்டகசாலை நின்ற இடத்தில் வெறும் சீமெந்துத் தரை. மூதூருக்கு இப்போது பாலங்களால் பஸ் ஓடுகிறது. கடைசி லாஞ்சுக்காக வசனத்தை வெட்ட வேண்டியதில்லை, வெட்டுவதற்கு நாடகமும் இல்லை. தேயிலை இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டு வேறு துறைமுகத்தால் போகிறது, தளத்தில் நின்று எண்ணுகிறவர் தேவையில்லை. லிங்கநகரில் அந்த வீட்டைத் தேடிப் போனேன். வீடும் இல்லை, வேலி வாசல் படலையும் இல்லை, பக்கத்தில் விசாரிக்கத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. படலை இருந்த இடம் இதுவாக இருக்கும் என்று ஒரு இடத்தைக் குறித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

புஷ்பத்துக்குச் சம்பந்தம் பேசி ஆட்கள் வரத் தொடங்கிய வருடம், ஒருநாள் நானும் அந்தப் படலையடியில் நின்றிருந்தேன். நல்ல இடத்து மனிதர்கள், பழத்தட்டோடு வந்தவர்கள். பிள்ளைக்குச் சமைக்கத் தெரியுமோ, பாடத் தெரியுமோ, வேறென்ன செய்வாள் என்று வழக்கமான கேள்விகள் கேட்டார்கள். வேலுப்பிள்ளையர் சால்வையைச் சரிசெய்துகொண்டார். இப்போது எந்த ஊரில் தேடினாலும் எனக்குக் கேட்கக் கிடைக்காத குரல் அது.

“என்ர பிள்ளை கப்பல் ஏறுவாள்” என்றார். “உங்கட பெடியன் என்ன செய்வார்?”